அக்தரி பேகத்தின் கொப்பரையில் ஒரு மூலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில், ஆடி மாதத்து மத்தியானம் ஒன்றில், வேலூர் லாங் பஜாரின் நெரிசலுக்கு நடுவே கமலவேணியின் செருப்பு பக்கிள் ஒடிந்தது. பின்னால் வந்த கைவண்டிக்காரர் "ஓரமா நில்லும்மா" என்று கத்தினார். அவள் ஒற்றைக் காலால் நொண்டி ஒரு பாத்திரக் கடைப் படியில் உட்கார்ந்தாள். ஒடிந்த துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

வேறு யாராக இருந்தாலும் அதைச் சாக்கடையில் எறிந்துவிட்டுப் போயிருப்பார்கள். கமலவேணி அந்த ஊர் பாலிடெக்னிக்கில் உலோகவியல் சொல்லிக்கொடுப்பவள். குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்தில் பிறந்து, வீட்டில் யாருக்கும் பேர் சொல்ல வராத ஒரு படிப்பைப் படித்து, இப்போது சென்னையில் ஒரு பேராசிரியரிடம் பகுதிநேர ஆராய்ச்சிக்கும் பதிந்திருந்தாள். ஒடிந்த இடத்தில் கடுகளவில் ஒரு மணி பளபளப்பது அவள் கண்ணில் பட்டது. பக்கிள் துத்தநாகத்தில் வார்த்தது. அந்த மணி துத்தநாகம் இல்லை. துத்தநாகம் இரும்பைத் தின்று, அந்த இரும்போடு சேர்ந்து கட்டிய கட்டி. அந்தக் கட்டி இருந்த இடத்தில்தான் பக்கிள் பலமில்லாமல் ஒடிந்திருந்தது.

"இது எங்க செய்யறாங்க?" என்று தெருமுனைச் செருப்புக் கடையில் கேட்டாள்.

"பக்கிளா? ஆம்பூர்ல ஒரு பட்டறை இருக்குதும்மா. பீபி ஒருத்தங்க நடத்தறாங்க. ஏன், சண்டை போடப் போறீங்களா?"

அவள் போனது சண்டைக்கு இல்லை. அவளுக்கு நாள் கணக்கில் ஆறாமல் உருகி நிற்கிற துத்தநாகம் வேண்டியிருந்தது.

அவளுடைய ஆராய்ச்சி இதுதான். உருகிய துத்தநாகம் தன்னோடு ஒட்டியிருக்கும் இரும்பை, வெந்நீர் வெல்லக் கட்டியைக் கரைப்பதுபோல் மெல்ல மெல்லக் கரைத்துவிடும். இரும்போடு போரானைச் சேர்த்து உருக்கி வார்த்தால், உள்ளே கடினமான ஊசிகள் விளையும். அந்த ஊசிகளைத் துத்தநாகம் லேசில் தொடாது. ஆனால் அவை கண்ணாடி மாதிரி. சூட்டில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் வந்தாலும் கீறல் விடும். கீறல் விட்ட பின் துத்தநாகம் அதன் வழியே உள்ளே போய்த் தின்னும். கீறல் விடாத, கரையாத ஒரு கலவையை வார்ப்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட வேலை. சென்னைக் கல்லூரியில் உலைக்குப் பலர் வரிசையில் நின்றார்கள். முறை வந்தால் மின்வெட்டு வந்தது. வாளிக்கு முலாம் பூசும் இரண்டு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாள். பெண்பிள்ளை உலைப் பக்கம் வரக்கூடாது என்று ஓரிடத்தில் சொன்னார்கள். இன்னோரிடத்தில் பதிலே வரவில்லை.

ஆம்பூரில் தோல் ஷெட்டுகளைத் தாண்டி ஒரு சந்தில் அந்தப் பட்டறை இருந்தது. முன்னால் வீடு, பின்னால் தகரக் கொட்டகை. கொட்டகையின் ஒரு பக்கம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பக்கிள்களுக்குப் பிசிர் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் செங்கல் அடுப்பின் மேல் பெரிய இரும்புக் கொப்பரை, அதில் வெள்ளி நிறத்தில் உருகிய துத்தநாகம். கொப்பரைக்குள்ளேயே முங்கி நின்ற இரும்புக் குழாயில், வலது காலைச் சாய்த்து நடக்கும் ஓர் ஆள் கைப்பிடியை இறக்கினான். உருகிய உலோகம் அச்சுக்குள் பாய்ந்தது. அச்சைத் திறந்ததும் கொத்தாகப் பக்கிள்கள் விழுந்தன.

பட்டறைக்காரி அக்தரி பேகத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் சவுதியில் வேலை பார்த்தார். விடுமுறையில் வந்தபோது இந்த இயந்திரத்தை வாங்கிப் போட்டுவிட்டு அவர் திரும்பிப் போய்விட்டார். அன்று முதல் கொட்டகை இந்த அம்மாவின் பொறுப்பு. ஒடிந்த பக்கிளைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"வேலூர்லருந்து பஸ் புடிச்சு வந்தீங்களா, இந்த ஒரு பக்கிளுக்கு? வேற தர்றேன், எடுத்துட்டுப் போங்க."

"அதுக்கு வரலீங்க. உங்க கொப்பரைல ஒரு மூலை வேணும்."

"இன்னா வேணும்?"

கமலவேணி துணிப்பையைத் திறந்து, சுண்டுவிரல் தடிமனில் இருந்த கம்பிகளை எடுத்துக் காட்டினாள். இவற்றைக் கொப்பரையின் ஓரத்தில் ஒரு சட்டத்தில் தொங்கவிட வேண்டும், வாராவாரம் சனிக்கிழமை வந்து எடுத்து எவ்வளவு கரைந்தது என்று பார்க்க வேண்டும் என்றாள். அது முடிந்தால், துத்தநாகத்துக்குள் முங்கி நிற்கிற குழாயை இதே கலவையில் வார்க்கலாம். பக்கிளில் கட்டி வராது. குழாயும் அடிக்கடி ஓட்டையாகாது.

பேகம் ஒரு கம்பியை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி, "வீரபாகு, இங்க வா" என்று கூப்பிட்டாள். காலைச் சாய்த்து நடந்தவன் வந்தான். "இந்த டீச்சரம்மா கம்பி தொங்கவிடணுமாம். உனுக்கு பேஜார் எதுனா இருக்குதா?"

வீரபாகு கம்பிகளைப் பார்த்தான். கமலவேணியையும் பார்த்தான். "சுவர் பக்கம் தொங்கவிட்டுக்கட்டும் பீபிம்மா. அங்க என் கை போவாது."

அவ்வளவுதான். உள்ளேயிருந்து டீ வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது மாதனூர் தாண்டும்வரை கமலவேணிக்கு நம்பிக்கை வரவில்லை. எத்தனை பேரிடம் எத்தனை விதமாகக் கெஞ்சியிருப்பாள். இந்த அம்மா கேட்டதெல்லாம் வீரபாகுவின் சம்மதம் மட்டும்தான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் ஆம்பூர் போனாள். சாதாரண இரும்புக் கம்பி சில வாரத்தில் குச்சி ஐஸ் மாதிரி கூராகிவிட்டது. போரான் சேர்த்த கம்பிகள் கனம் அவ்வளவாகக் குறையாமல் வந்தன. ஆனால் குறுக்கே கீறல் ஓடியிருந்தது. அடுத்த வார்ப்பில் கொஞ்சம் குரோமியம் சேர்த்தாள். கீறல் கம்மியாயிற்று, அடியோடு நிற்கவில்லை. ராணிப்பேட்டையில் ஒரு வார்ப்படக்காரர் அவளுக்காகச் சின்ன உலையில் உருக்கிக் கொடுத்தார். அந்தக் கம்பிகளை அவள் அடிமுனை அறுத்து, நாலு பக்கமும் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரே அளவாக்கித்தான் கொண்டுபோவாள். ஆராய்ச்சியென்றால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

பேகம் அதற்குள் அவளை 'கமலா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். இவளும் 'அக்கா' என்று பழகிவிட்டாள்.

மறு வருஷம் மாசியில் பாலிடெக்னிக்கில் பரீட்சை. விடைத்தாள் திருத்தும் அவசரத்தில் கமலவேணி அந்த வாரம் கம்பிகளின் அடிமுனையை அறுக்காமல், தேய்க்காமல், அச்சிலிருந்து வந்தபடியே தொங்கவிட்டுவிட்டுப் போனாள். அடுத்த சனிக்கிழமை கொட்டகைக்குள் நுழையும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. அடுப்பு எரிந்தது. ஆனால் கைப்பிடி இறங்கும் சத்தம் இல்லை. பிசிர் தேய்க்கும் பெண்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குழாயைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார்கள். வீரபாகு உளியும் சுத்தியலுமாகக் குந்தியிருந்தான்.

அவளுடைய கம்பிகளில் ஒன்று பாதியில் உடைந்துவிட்டது. சில்லு ஒன்று குழாய்க்குள் போய், உள்ளே ஏறி இறங்கும் தண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. உடைந்த அடித்துண்டு கொப்பரையின் ஆழத்தில் எங்கோ கிடந்தது. ஏற்றுமதிக்குப் போக வேண்டிய ஷூக்களுக்கான பக்கிள் பாதியில் நின்றது. ஷூ கம்பெனியிலிருந்து ஆள் வந்து கத்திவிட்டுப் போயிருந்தார்.

கமலவேணி கொப்பரை ஓரத்துச் சட்டத்திலிருந்து மீதிக் கம்பிகளை இடுக்கியால் எடுத்து வாளியில் போட்டாள். சட்டத்தையும் அவிழ்த்தாள்.

"இன்னா பண்ற?" என்றாள் பேகம்.

"எடுத்துட்டுப் போறேன்க்கா. உங்களுக்கு இவ்ளோ கஷ்டம் குடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க. இனிமே வரல."

"வராத. வராம எங்க போவ? வேற எந்த ஊட்ல கொப்பரை வெச்சிருக்காங்க உனுக்கு?"

கமலவேணிக்கு அழுகை வந்துவிட்டது. பேகம் அவள் கையிலிருந்து இடுக்கியைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"வீரபாகு ஏன் அப்டி நடக்கறான்னு ஒருநாளாவது கேட்டியா நீ?"

அவள் கேட்டதில்லை. கேட்பது மரியாதையில்லை என்று இருந்துவிட்டாள்.

"நீ வர்றதுக்கு முந்தின வருஷம். பழைய கொப்பரை. அடுப்புத் தீ ஜாஸ்தியா படற பக்கம் உள்ளாறயே தின்னுத் தின்னு காயிதம் மாதிரி ஆயிருக்குது. எங்க யாருக்கும் தெரியல. காலைல அவன் பக்கத்துல நிக்கறான். பொத்துக்கிச்சு. அத்தனையும் அவன் கால் மேல ஊத்துச்சு. சி.எம்.சி. ஆஸ்பத்திரில மாசக்கணக்கா கெடந்தான். நான் தெனம் போவேன். அவன் பொண்டாட்டி சௌந்தரம் என் மூஞ்சிய பாத்து ஒரு வார்த்த திட்டல. திட்டியிருந்தா எனுக்கு நல்லா இருந்திருக்கும்." பேகம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கால் ஆறினதும் அவனே திரும்பி வந்துட்டான். புதுக் கொப்பரை வாங்கிப் போட்டேன். அதுவும் இரும்புதான? அதையும் தின்னுக்கிட்டுதான இருக்குது? அப்பதான் நீ வந்து, தின்னாத இரும்பு செய்றேன்ன. அன்னிக்கு எனுக்கு எப்டி இருந்துச்சு தெரியுமா? நான் அல்லாஹ்கிட்ட கேட்டதுக்கு, அவன் ஒரு டீச்சரை அனுப்பிட்டானேன்னு இருந்துச்சு."

தரையில் குந்தியிருந்த வீரபாகு தலை நிமிராமல் சொன்னான்: "சில்லு வந்துட்டுது பீபிம்மா. சாயங்காலத்துக்குள்ள ஓட்டிர்லாம். டீச்சரம்மா, கம்பிய மறுபடி மாட்டுங்க. கீழ ஒரு ஓட்டைக் கரண்டிய கட்டித் தொங்கவிட்டுர்றேன். ஒடஞ்சா அதுல விழட்டும்."

அன்று சாயங்காலம்வரை கமலவேணி அங்கேயே இருந்தாள். பிசிர் தேய்க்கிற பெண்களோடு உட்கார்ந்து அரம் பிடித்தாள். தேய்க்கத் தெரியாமல் விரலைக் கிழித்துக்கொண்டாள். நசீமுன்னிசா என்ற பெண் சிரித்துக்கொண்டே அவள் விரலில் துணியைச் சுற்றிவிட்டாள்.

மாதக் கடைசியில் கொப்பரையைக் காலி செய்து அடிக்கசடை வாரும் வழக்கம் உண்டு. அடுத்த முறை கமலவேணி போனபோது வீரபாகு காகிதத்தில் சுற்றிய ஒன்றை அவளிடம் கொடுத்தான்.

"அன்னிக்கு ஒடஞ்சுதே, அந்தத் துண்டும்மா. கசடுல கெடந்துச்சு. உங்க படிப்புக்கு வேணுமோ என்னமோன்னு எடுத்து வெச்சேன். வேணாம்னா தூக்கிப் போட்டுருங்க."

கரடுமுரடாக, துத்தநாகம் அப்பிய ஒரு கட்டி. அளவு தெரியாத துண்டு, எத்தனை சூட்டில் எங்கே கிடந்தது என்றும் தெரியாது. ஆராய்ச்சிக்கு ஆகாத சரக்கு. அவன் எடுத்து வைத்த அன்புக்காகத்தான் அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டாள். பாலிடெக்னிக் சோதனைச் சாலையில் அது சில நாள் ஜன்னலோரம் கிடந்தது. ஒரு மத்தியானம் வகுப்பில்லாத நேரத்தில், எடுத்து வைத்தவனுக்கு ஒரு பதிலாவது சொல்ல வேண்டுமே என்று அதை நெடுக்காக அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தாள்.

பக்கவாட்டில் துத்தநாகம் தின்று குகை குகையாக இருந்தது. அவள் எதிர்பார்த்ததுதான். தட்டை நகர்த்தி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஓரம் கோடு போட்ட மாதிரி இருந்தது. தின்ற தடமே இல்லை என்று சொல்லலாம். மற்ற எந்தக் கம்பியையும்விட இந்தத் துண்டு நீண்ட நாள் துத்தநாகத்துக்குள் கிடந்திருக்கிறது. அப்படியும் இந்த ஒரு பக்கம் மட்டும் தப்பியிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்புறம்தான் விளங்கியது. பக்கவாட்டில் ஊசிகள் அடுக்கிய விறகுபோல் படுத்திருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த மெத்தென்ற இரும்பைத் துத்தநாகம் தின்றதும், ஊசிகள் பிடிப்பில்லாமல் வரிசை வரிசையாகப் பெயர்ந்து போயிருந்தன. அடிப்பக்கத்தில் ஊசிகள் படுக்கவில்லை. தூரிகை மயிர்போல் நெருக்கமாக, வெளிப்பக்கம் பார்த்து நின்றன. ஒவ்வொன்றின் நுனி மட்டுமே வெளியே தெரிந்தது, மீதி முழுக்க ஆழத்தில் ஊன்றியிருந்தது. துத்தநாகத்துக்கு நுழைய மயிரிழை இடுக்குதான் கிடைத்தது.

ஏன் அடியில் மட்டும் அப்படி? அச்சின் அடித்தட்டு கனத்த குளிர்ந்த இரும்பு. உருகிய கலவை அதைத் தொட்ட நொடியில், குளிர்ச்சி வந்த திசையிலேயே ஊசிகள் நேராக வளர்ந்திருக்கின்றன. இத்தனை மாதமும் அந்த அடிமுனையைத்தான் அவள் 'கழிவு' என்று அறுத்து எறிந்து வந்திருந்தாள்!

அடுத்த பஸ்ஸில் அவள் ஆம்பூரில் இருந்தாள். சனிக்கிழமைகூட இல்லை. அச்சைத் திறந்துகொண்டிருந்த வீரபாகுவின் இரண்டு கையையும், கரியோடும் சூட்டோடும், பிடித்துக்கொண்டாள். அவன் பயந்துபோய், "பீபிம்மா, டீச்சரம்மாவுக்கு இன்னா ஆச்சு பாருங்க" என்று கத்தினான்.

இனி வேலை தெளிவாயிற்று. குழாய்க்கு உட்பக்கம் போடும் உறையை, நடுவில் குளிர்ந்த இரும்புத் தண்டு நிறுத்தி, அதைச் சுற்றி வார்க்க வேண்டும். அப்போது ஊசிகள் உள்முகம் பார்த்து நிற்கும். சொல்ல எளிதாக இருந்தது. ராணிப்பேட்டையில் முதல் உறை ஆறும்போதே டப்பென்று வெடித்தது. இரண்டாவதும் அப்படியே. வார்ப்படக்காரர் தலையைச் சொறிந்தார். குளிர்ந்தால்தான் ஊசி நிற்கும், சட்டென்று குளிர்ந்தால் வெடிக்கும். கமலவேணி ஒரு வாரம் சோறு ருசிக்காமல் அலைந்தாள். கடைசியில் இரண்டையும் பிரித்தாள். ஊசி வளர்ந்து கெட்டியாகும்வரை குளிர்ந்த தண்டு, அது முடிந்த கையோடு தண்டை உருவிவிட்டு, சூடு தணியாத உறையைச் சிவக்கச் சுட்ட மணலுக்குள் புதைத்துவிடுவது. மணல் ஆற ஆற அதுவும் மெல்ல ஆறட்டும். மூன்றாவது உறை மணலிலிருந்து முழுசாக வந்தது. வார்ப்படக்காரர் அதைச் சுண்டிப் பார்த்தார். கீறல் இல்லாத கணீர் சத்தம்.

ஆம்பூரில் அதை மாட்டிய அன்று கொட்டகையில் யாரும் வேலை செய்யவில்லை. வீரபாகு உறையை அடுப்போரம் வைத்து, குழந்தைக்குத் தண்ணீர் விளாவுகிற பதத்தில் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பிறகே கொப்பரைக்குள் இறக்கினான். கைப்பிடியை இறக்கினான். பக்கிள்கள் கொத்தாக விழுந்தன. பேகம் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லோருக்கும் பாலில் சேமியா காய்ச்சச் சொல்லி உள்ளே ஆள் அனுப்பினாள்.

சாதாரணக் குழாய் ஓட்டையாகும் காலம் கடந்தும் அந்த உறை ஓடியது. அதற்குப் பிறகும் ஓடியது. கட்டி இல்லாததால், மெருகு போடும்போது பக்கிளில் கீறல் விழுவது நின்றது. பக்கிள் திரும்பி வருவதும் அருகிப் போயிற்று.

ஆனால் கமலவேணிக்குள் ஒன்று உறுத்திக்கொண்டேயிருந்தது. பேகம் கேட்டது குழாய் இல்லை, கொப்பரை. அத்தனை பெரிய கொப்பரையை இந்தக் கலவையில் வார்க்க முடியாது. தீ ஒரு பக்கம் ஜாஸ்தியும் ஒரு பக்கம் கம்மியுமாகப் படும்போது எங்காவது பிளந்துவிடும். இதைச் சொல்லியாக வேண்டும். சொன்னாள்.

பேகம் கேட்டுக்கொண்டாள். "முழுசா வேணாம் கமலா. அவன் நிக்கற பக்கம் மட்டும்?"

அந்தக் கேள்விதான் வழி காட்டியது. உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்ன ஓடுகளாக வார்த்து, தீ ஜாஸ்தி படும் பக்கத்தில் கொப்பரையின் உட்சுவரை மறைத்து, ஒன்றின் மேல் ஒன்று படியும்படி தொங்கவிட்டார்கள். ஓர் ஓடு கீறினாலும் அதை மட்டும் மாற்றலாம். துத்தநாகம் இடுக்கு வழியே பின்னாலும் போகத்தான் செய்தது. ஆனால் அங்கே அது தேங்கி நின்றது, சுழன்று அரிக்கவில்லை. அடுத்த முறை கொப்பரையைக் காலி செய்தபோது வீரபாகு உள்ளே கையை விட்டு அந்தச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தான். கனத்தோடு இருந்தது. கொட்டகைக்கு வந்திருந்த சௌந்தரத்தைக் கூப்பிட்டு, "நீயும் தட்டிப் பாரு" என்றான். அவளும் தட்டினாள். பிறகு கமலவேணியிடம் வந்து, மடியிலிருந்து கனகாம்பரச் சரத்தை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டுப் போனாள்.

எண்பத்தேழில் சென்னையில் அவளுடைய ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. அக்தரி பேகம் கறுப்பு புர்க்காவில், வீரபாகு சலவை வேட்டியில், பின் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். ஆங்கிலத்தில் நடந்த பேச்சு இருவருக்கும் பிடிபடவில்லை. நுண்ணோக்கிப் படங்கள் திரையில் வந்தபோது வீரபாகு பேகத்தின் பக்கம் குனிந்து, "அது நம்ம கசடுத் துண்டுதான?" என்றது முன்வரிசைவரை கேட்டது. சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கேட்டார்: "இத்தனை நாள் தொடர்ந்து துத்தநாகத்தில் வைத்துச் சோதித்திருக்கிறீர்கள். எந்தச் சோதனைச் சாலையில்?"

கமலவேணி ஆங்கிலத்தில் தொடங்கினாள். பிறகு நிறுத்திவிட்டுத் தமிழில் சொன்னாள், பின் வரிசைக்கும் புரியட்டும் என்று.

"ஆம்பூர்ல, அக்தரி பேகம் அம்மாவோட பக்கிள் பட்டறையில சார். அவங்க கொப்பரையில எனக்கு ஒரு மூலை குடுத்தாங்க. என் கம்பி உடைஞ்சு அவங்க வேலை நின்னப்பகூட அந்த மூலையத் திருப்பிக் கேக்கல. இந்த முடிவுக்கு வழிகாட்டின துண்டு, வீரபாகு அண்ணன் கசடுலருந்து எனக்காக எடுத்து வெச்சது. ரெண்டு பேரும் இங்கதான் இருக்காங்க."

தேர்வாளர் எழுந்து நின்று பின் வரிசையைப் பார்த்துக் கை குவித்தார். பேகம் பதறி எழுந்து பதிலுக்கு சலாம் வைத்தாள். வீரபாகு எழுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றான்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். பேகத்துக்கும் கமலவேணிக்கும் ஒரே சீட்டு கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் பேகம் புர்க்காவின் முகத்திரையைத் தூக்கிவிட்டு, ஜன்னல் காற்றை வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"எல்லாரு முன்னாடியும் என் பேர சொன்னியே, எதுக்கு? நான் தான உனுக்கு சொல்லணும்?"

"நீங்க இன்னாக்கா சொல்லணும்?"

"முன்னெல்லாம் வீரபாகு அடுப்புக்கிட்ட நிக்கறப்ப, அவனுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு அல்லாஹ்கிட்ட துவா ஓதிக்கிட்டே இருப்பேன். இப்ப ஓதறதில்ல. மறந்தே போய்ட்றேன்." பேகம் சிரித்தாள். "மறக்கறதுக்கு நீதான காரணம்."

கமலவேணி பேகத்தின் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். முன் சீட்டிலிருந்து வீரபாகு திரும்பி, ராணிப்பேட்டையில் பஸ் நின்றால் டீ சாப்பிடலாமா என்று கேட்டான்.